மண்ணுக்கு லேபிள் ஒட்டுற பேராண்டிக்கு

வா சாமி, இந்தக் கட்டில்ல உக்காரு. அமுச்சி மோர் கொண்டாருவா. காங்கயம் ரோட்டுல ரெண்டு ஏக்கரா வாங்கி, அம்சமா போர்டு நட்டு வெச்சிருக்கிறயாமா? ‘பயோடைனமிக் ஃபார்ம்’னு அதுல எழுதியிருக்குதாம். வழியில போன நம்ம ஒறம்பரை ஒருத்தரு அதைப் பாத்துப்போட்டு, “உங்க பேரன் பனியன் கம்பெனியை மூடிட்டு டைனமோ கடை வெச்சுட்டானாட்ட இருக்குது”ன்னு விசாரிச்சாரு. நானும் ஆமான்னுட்டேன். வெளக்கஞ் சொல்ல ஆரம்பிச்சா, அப்புறம் அந்தக் கொம்புக் கதையையும் சொல்லோணுமே!

அந்தக் கதையை நீ சொன்னப்ப வாயைப் பொளந்துதான் கேட்டேன். 1924-ல ருடால்ஃப் ஸ்டெய்னர்ங்கற ஆஸ்திரியாக்காரர், கோபர்விட்ஸ்ங்கற ஊர்ல பண்ணையக்காரங்களைக் கூட்டி வெச்சுச் சொன்னதாமா. அப்ப அது ஜெர்மனி, இப்பப் போலந்து. கன்னு போட்ட பசுவோட கொம்புல சாணியை அடைச்சு, குளுருக்கு முன்னால பொதச்சு, குளுரு போனதும் தோண்டி எடுக்கோணும். ஏக்கராவுக்கு 25, 30 கிராம் போதும். அதை 13 லிட்டர் தண்ணியில போட்டு ஒரு மணி நேரம் கலக்கோணும். இந்தப் பக்கமாச் சுத்தி, சுழி விழுந்ததும் அந்தப் பக்கமாச் சுத்தோணும். ஏசி ரூம்லயே உக்காந்திருக்கிற நீ ஒரு மணி நேரம் குச்சியைச் சுத்துனா உன்ற தொப்பைக்கு நல்லது, அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. மண்ணுக்கு? கொம்புச் சாணி மட்டும் தனியா இன்னது பண்ணுச்சுன்னு அடிச்சுச் சொல்ற ஆதாரம் இதுவரைக்கும் கெடையாது.

அதுக்காக எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில போட்டுறாதே. சுவிட்சர்லாந்துல 1978-ல இருந்து ஒரே காட்டுல ரசாயனப் பண்ணையம், இயற்கைப் பண்ணையம், இந்தப் பயோடைனமிக் மூணையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு வாராங்க. 21 வருசக் கணக்கை 2002-ல வெளியிட்டாங்க. இயற்கையா வெளைய வெச்சதுல மகசூல் அஞ்சுல ஒரு பங்கு கம்மி. போட்ட உரச் சத்தோ மூணுல ஒரு பங்குக்கு மேலயே கம்மி. மண்ணுல புழு பூச்சி ஏகமா பெருகிக் கெடந்துதாம். அதைப் பண்ணுனது எருவும், வெசம் தொடாத கையும். மகசூல் கொறையும்ங்கறதை இப்பவே உன்ற பார்ட்னர்கிட்டச் சொல்லி வெச்சுரு. அறுப்பு முடிஞ்சு சொன்னா சண்டை வரும்.

ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கலை. கொம்பைக் கூரியர்ல வரவழைச்சயாமா? காங்கயத்துல உக்காந்துட்டு! சரி போகட்டும். உன்ற கட்டுத்தறியில நிக்கறது என்ன மாடு? கன்னுலயே கொம்பு சுட்ட கலப்பினம். பயோடைனமிக்குக்குச் சான்று குடுக்கற டிமீட்டர்காரங்க விதியில மாட்டுக்குக் கொம்பு சுடக் கூடாதுன்னு இருக்குதாம். கொம்பைச் சாமியா நெனச்ச மனுசன் சொன்ன வித்தையைக் கொம்பில்லாத மாட்டை வெச்சுட்டுப் பண்றியே, அந்த ஸ்டெய்னர் கேட்டா என்ன சொல்லுவாரு?

ஒரு காங்கயம் மாட்டைப் புடிச்சுக் கட்டு. கண்ணபுரம் தேர் நோம்பிக்கு மாட்டுத்தாவணி கூடும், நானே கூட வந்து சுழி பாத்துத் தாரேன். பாலை எதிர்பாக்காதே, கன்னுக்குப் போக உனக்குக் காப்பிக்கு வந்தாப் பெருசு. ஆனா சாணியும் கோமியமும் வீட்டுலயே கெடைக்கும். அதை வெச்சு பஞ்சகவ்யம் போடலாம். அதை ஊரெல்லாம் பரப்புன டாக்டர் நடராஜன் இந்தா இருக்கிற கொடுமுடிக்காரர்தான். நூறு லிட்டர் தண்ணிக்கு மூணு லிட்டர் கலந்து தெளிச்சாப் போதும். நீயோ அதையும் லேபிள் ஒட்டுன பாட்டில்ல ஆன்லைன்ல வாங்கறயாமா. அனுப்பறவன் எந்த மாட்டைக் கண்டானோ!

கொரங்காட்டை நீ பாத்திருக்கிறயா? கார்ல போறப்பத் தரிசுன்னு நெனச்சிருப்பே. சுத்தியும் கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க வெள்வேலாமரம். மழை பேஞ்சாப் புல்லு வரும், மாடும் ஆடும் மேயும், மேஞ்சதே எருவும் போடும். வெள்வேலாங்காயும் தீவனம், நெழலும் இனாம். எத்தனை தலைமொறையா உரக்கடை வாசலே மிதிக்காத பூமி அது. அதுக்கு ஒருத்தரும் சான்றிதழ் குடுக்கலை, அதுவும் யாருகிட்டயும் கேக்கலை.

நாள் பாக்கறதுக்குன்னு மரியா தூன் முறையில ஒரு காலண்டர் வேற வாங்கியிருக்கிறே. வேர் நாள், இலை நாள், பூ நாள், பழ நாள்னு நிலா எந்த ராசியில நிக்குதுன்னு பாத்துப் பிரிச்சிருக்குது. நல்லா இருக்குது. நம்ம வீட்டுச் செவுத்துல தொங்கற தேதி கிழிக்கற காலண்டர்லயும் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள்னு தெனமும் போட்டிருக்குது; கெழங்கு நடக் கீழ்நோக்கு, வெதை போட மேல்நோக்கு. அதை இனாமாக் குடுத்தவன் யூரியா கடைக்காரன், அதுதான் வேடிக்கை. எந்த நாளா இருந்தா என்ன, ஆள் வர்ற நாள்தான் வெதைப்பு நாள். அந்த ஆளுகளை வெடியால ஆறு மணிக்கே வேன்ல ஏத்திட்டுப் போறது யாரு? உன்ற கம்பெனி வேனு.

இப்பத் தண்ணிக்கு வாரேன். இதுல மட்டும் சிரிக்காம கேட்டுக்கோ. நொய்யல்ல 1992-ல ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்குன்னு கட்டுனாங்க. தேங்குனது சாயத் தண்ணி. துணியில சாயம் ஏறோணும்னா உப்பு வேணும். அந்த உப்பெல்லாம் ஆத்துல எறங்கி, கெணத்துல ஊறி, காட்டைக் கெடுத்துச்சு. கீழ்ப்பக்கத்துப் பண்ணையக்காரங்க வருசக் கணக்கா வழக்காடி, 2011 ஜனவரியில சென்னை ஐகோர்ட்டு 700-க்கு மேல சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. பொறகு சொட்டுத் தண்ணி வெளிய விடாத ஏற்பாடு பண்ணித்தான் தொறந்தாங்க. மண்ணுக்குள்ள போன உப்பு கோர்ட்டு உத்தரவுக்குக் கட்டுப்படாது சாமி. மொதல்ல கெணத்துத் தண்ணியையும் மண்ணையும் பரிசோதனைக்குக் குடு. உப்புத் தண்ணியைப் பாய்ச்சிட்டு மேல பஞ்சகவ்யம் தெளிச்சா, உப்புக்குத்தான் உபசாரம்.

நீ துணி தெச்சு அனுப்பறவன், லேபிளோட சூட்சுமம் உனக்கா தெரியாது? 2020-ல, உலகத்துக்கே ஆர்கானிக் துணிச் சான்று குடுக்கற ஜிஓடிஎஸ்காரங்களே, இந்தியாவுல 20,000 டன் பஞ்சு போலிச் சான்றுல ஆர்கானிக்னு நடமாடுனதைக் கண்டுபுடிச்சாங்க. சாதாப் பஞ்சு ஒரே ராத்திரியில புண்ணியவான் ஆயிருச்சு! அதனால உன்ற காட்டை நீயே சோதி. பனியனைச் செக்கிங் டேபிள்ல திருப்பிப் போட்டுத் தையலைப் பாக்கறயே, அதாட்ட மண்ணை மம்பட்டியில பொரட்டிப் போட்டுப் பாரு. மண்புழு இருக்குதா, கைல புடிச்சா உதுருதா, மழைத் தண்ணி உள்ள எறங்குதா? இல்லைன்னா அந்த மண்ணு ரிஜெக்ட்டு, சட்டத்துல மாட்டுன சான்றிதழ் என்ன சொன்னாலும் சரி.

மொட்டை மாடியில தோட்டம் போடற உன்ற வீட்டுக்காரிக்கும் ரெண்டு வார்த்தை சொல்லிரு. தென்னை நார்க் கழிவுல உப்பு இருக்கும், அலசி ஊத்திட்டுத்தான் பையில போடோணும். சாயப்பட்டறையில கெமிக்கல் வந்த நீல டிரம்மு மலிவுன்னு வாங்கிக் கீரை போட்டுறாதீங்க. கட்டிங் வேஸ்ட்டுத் துணியை மூடாக்குப் போடறது நல்ல ரோசனைதான், வெள்ளைப் பருத்தியா இருந்தா. சாயம் ஏத்துனதும் லைக்ரா கலந்ததும் வேண்டாம். லைக்ரா உன்ற பேரங்காலத்துலயும் மக்காது. நம்ம பொடக்காணியில அமுச்சி பாத்தரங் கழுவுன தண்ணியிலயே வாழையும் கருவேப்பிலையும் எப்படி நிக்குதுன்னு போறப்ப ஒரு எட்டுப் பாத்துட்டுப் போ.

கடைசியா ஒண்ணு. நாட்டுச் சான்று விதிப்படி ரசாயனத்தை விட்டுட்டு ஒரு காடு ஆர்கானிக்னு பேர் வாங்க, வருசப் பயிருக்கு ரெண்டு வருசம், தென்னையாட்ட நெடும்பயிருக்கு மூணு வருசம் காத்திருக்கோணும். உன்ற பையர் குடுக்கற ஷிப்மென்ட் தேதி மண்ணுக்குத் தெரியாது. அதுக்குள்ள சணப்பும் கொளுஞ்சியும் வெதச்சு, பூ எடுக்கற பருவத்துல மடக்கி உழுது போடு. ஆடிக்கு முன்னால செம்மறி ஆட்டுப் பட்டி போடச் சொல்லு. ராத்திரியில ஆடு படுத்து எந்திரிச்ச காட்டுக்கு மேல எந்தக் கொம்புச் சாணியும் கெடையாது.

பட்டிக்காரர்கிட்ட நானே பேசி வெக்கறேன். அவரு காசு எப்பன்னு கேப்பாரு. பழக்க தோசத்துல “90 நாள் கிரெடிட்”னு மட்டும் சொல்லிப்போடாதே. விடியறதுக்குள்ள ஆட்டை ஓட்டிட்டுப் போயிருவாரு. புழுக்கையையும் கூட்டி அள்ளிட்டுப் போனாலும் போவாரு!