வழி தெரிந்தவர்

கார் வைத்திருக்கும் குடும்பத்தில் எல்லாம் வழி தெரிந்தவர் ஒருவர் இருப்பார். கைப்பேசி காட்டும் வழி அவருக்குப் பிடிக்காது. டீக்கடையில் நிறுத்திக் கேட்பது அதைவிடப் பிடிக்காது. "நான் பார்க்காத ரோடா?" என்பார். பார்த்திருப்பார்தான், எந்தக் காலத்திலோ, பஸ் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே.

அவருடைய முழுத் திறமையும் வெளிப்படும் இடம் கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை நட்டிருக்கிறார்கள். பலகையைப் பார்த்துக்கொண்டே ஏற வேண்டியதுதான் என்பதால் அதுவரை அவர் வழி தவறுவதில்லை. "எப்படி?" என்று வளைவுக்கு வளைவு பின்சீட்டைத் திரும்பிப் பார்ப்பார். எலுமிச்சம்பழத்தை மோந்தபடி மாமனார், "மாப்பிள்ளை, முன்னாடி பார்த்து ஓட்டுங்க" என்பார்.

வினை செம்மேட்டில் ஆரம்பிக்கிறது. அங்கே வல்வில் ஓரிக்குச் சிலை உண்டு. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே அம்பில் வீழ்த்தியவன் என்று புறநானூறு புகழும் வள்ளல். அப்பேர்ப்பட்டவன் ஊரில் நம்மவர் ஒரே ஒரு அருவியைக் கோட்டைவிடுகிறார். ஆகாய கங்கை இருப்பது வளப்பூர் நாட்டில், அறப்பளீசுவரர் கோயிலுக்குப் பக்கத்தில். கொல்லிமலையின் 14 ஊராட்சிகளும் நாடு நாடாகத்தான் பிரிந்திருக்கின்றன. கார் போய் நிற்பதோ பெரக்கரை நாடு.

"ஏனுங்க, வளப்பூர் நாடுன்னுதானே சொன்னீங்க?" என்கிறார் மனைவி.

"எந்த நாடா இருந்தா என்ன? மலை ஒண்ணுதானே!"

கோழிக்கோட்டுக்குப் புறப்பட்ட போர்ச்சுகீசியக் கப்பல் தலைவர் கப்ரால், 1500-இல் மேற்கே விலகிப் போய் பிரேசில் கரையைத் தொட்டார். ஆனால் அவர் அதே ஆண்டில் கோழிக்கோட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டார். நம்மவரிடம் அந்தப் பிடிவாதமெல்லாம் கிடையாது. வந்த இடத்திலேயே இறங்கிவிடுவார்.

இறங்கியதுதான் நல்லதாகப் போகிறது. திண்ணையில் ஒரு பாட்டி முடவாட்டுக்கால் கிழங்கைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணி வகை அது. பழுப்பு ரோமம் போர்த்துக்கொண்டு, பார்த்தால் ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். ரோமம் போகச் சுரண்டி, துண்டாக்கி, மிளகு, சீரகம், சின்ன வெங்காயத்தோடு தட்டிக் கொதிக்கவிட்டால் சூப். மூட்டுவலிக்கு நல்லது என்பது மலைக்காரர்களின் நம்பிக்கை. "அருவிக்குங்களா? ஆயிரம் படிக்கு மேல இறங்கணுமே" என்று மாமனாரின் முழங்காலைப் பார்த்தபடியே ஒரு டம்ளரை நீட்டுகிறார் பாட்டி. கூடவே எண்ணெய் தடவிய கையால் பலாப்பழம் பிளக்கிறார்கள்; பிள்ளைகள் கொட்டையைக்கூடக் கீழே போடாமல் பொறுக்கிக்கொள்கின்றன. மதியத்துக்குச் சாமைச் சோறு. படியிறங்கும் கண்டத்திலிருந்து தப்பித்த மாமனார் இரண்டாவது டம்ளர் கேட்கிறார்.

ஊர் திரும்பியதும் கதை மாறிவிடுகிறது. "மாமாவுக்கு முட்டி வலியாச்சே, அருவியெல்லாம் சரிப்படாது. அதான் நேரா பெரக்கரை நாட்டுக்கு விட்டேன் வண்டியை" என்று தெரு முழுக்கச் சொல்லி முடிப்பார். மாமனாரும் மறுப்பதில்லை, கிழங்கு இன்னும் ஒரு பை மீதமிருக்கிறது.

அடுத்த பயணம் ஏற்காடு என்று அறிவிப்பு வந்தாயிற்று. மனைவி எதுவும் பேசவில்லை. புளிச்சோற்றை மட்டும் இரண்டு வேளைக்குச் சேர்த்தே கிளறுகிறார்.