முதுகுவலியைப் பத்திரமாகக் காப்பாற்றுவது எப்படி?

திடீரென்று பிடித்த இடுப்புவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். அப்படி அது நழுவிப் போகாமல் பார்த்துக்கொள்ள விரும்புவோருக்குச் சில யோசனைகள்.

முதலில், படுத்துவிடுங்கள். 1995-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஹெல்சின்கி மாநகராட்சி ஊழியர்களில் முதுகுவலிக்காரர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கை, இன்னொன்றுக்கு உடற்பயிற்சி, மூன்றாவது பிரிவு வலி விட்டவரை வழக்கமான வேலையைப் பார்த்தது. வேலை பார்த்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள், படுத்தவர்கள்தான் கடைசி. நமக்கு வேண்டியதும் அதுதானே?

அடுத்து எம்ஆர்ஐ. யாரும் கேட்கும் முன்பே எடுத்துவிடுங்கள். 1994-ல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்தபோது பாதிப் பேருக்கு மேல் டிஸ்க் பிதுங்கியிருந்ததாம். அதை யாரிடமும் சொல்லாதீர்கள். உங்கள் ரிப்போர்ட்டில் ‘எல்4-எல்5 பல்ஜ்’ என்றிருப்பதைக் கல்யாண வீடுகளில் மட்டும் சொல்லுங்கள்.

பிசியோவிடம் போயே தீரவேண்டுமா? ஜாக்கிரதை. நல்ல பிசியோ மெஷினைத் தொடுமுன் விசாரணையில் இறங்கிவிடுவார். உட்கார்ந்தால் கூடுகிறதா, நடந்தால் குறைகிறதா, இருமினால் காலுக்குச் சுண்டுகிறதா? மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடக்காமல் காலைத் தூக்குவார். குதிகாலால் நடக்கச் சொல்வார், சுத்தியலால் முட்டியில் தட்டுவார். எந்த நரம்பு நெரிபடுகிறது என்று துப்பறியத்தான் இத்தனையும். ‘எங்கே வலி?’ என்றால் ‘உடம்பு பூரா’ என்று சொல்லிவிட்டு, ‘கரண்ட் எப்ப சார் வைப்பீங்க?’ என்று கேளுங்கள். வைத்ததும் தலையைக் குனிந்து போன் பார்க்கலாம்.

பயிற்சித் தாளைக் கொடுத்தால் மடித்து பர்ஸில் வையுங்கள். பக்கத்து வீட்டு மாமாவின் தாள் இருந்தால் இன்னும் விசேஷம். ஒருவருக்கு முன்னால் குனிந்தால் சுகம், இன்னொருவருக்குப் பின்னால் வளைந்தால் சுகம். அதைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எனவே மாமாவுக்குச் சரியானது உங்கள் வலியைக் கூட்ட நல்ல வாய்ப்பிருக்கிறது.

இனி வேடிக்கை இல்லை. முதுகுவலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ, தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ பிசியோவுக்கும் காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.