காருக்கு உரம் போடுகிறவன்

ஆர்.கே.பேட்டையில் யூரியாவைத் தெரியாதவர் கிடையாது. கரும்புக்கு எப்போது போடணும், நெல்லுக்கு எத்தனை தவணை, மழைக்கு முன்னாலா பின்னாலா என்று டீக்கடை பெஞ்சில் இருக்கும் யாரும் சொல்லிவிடுவார்கள். நானோ மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் யூரியாவின் வாய்பாட்டைச் சொல்வேன். அப்படிப்பட்ட ஊரில் அப்படிப்பட்ட வாத்தியார், யூரியாத் தண்ணீரைக் கேன் கேனாகக் காசு கொடுத்து வாங்கி டீசல் காருக்கு ஊற்றுகிறார் என்பதை ஊர் இன்னும் ஜீரணிக்கவில்லை.

முதல் ஆட்சேபம் மாமனாரிடமிருந்து வந்தது. நகரிப் பக்கத்து விவசாயி. கோபம் கொஞ்சமாக இருந்தால் தமிழில் பேசுவார், அதிகமானால் தெலுங்குக்குப் போய்விடுவார். அன்று தமிழில்தான் ஆரம்பித்தார்.

"மாப்ள, நம்ம வீட்டுலதான் மூட்டை இருக்குதே. ரெண்டு படி அள்ளி பக்கெட்ல கரைச்சு ஊத்துங்க. இதுக்கா இவ்ளோ காசு?"

அந்தத் திரவத்துக்கு டெஃப் என்று பெயர், ஆட்ப்ளூ என்றும் சொல்வார்கள், அதில் 32.5 சதவீதம் யூரியா, மிச்சம் 67.5 சதவீதம் தண்ணீர் என்று விளக்கினேன். வாத்தியார் புத்தி. அவருக்கு அந்த ஒரு எண் போதுமாக இருந்தது. பத்து லிட்டர் கேனில் ஏறக்குறைய மூன்றரை கிலோ யூரியா. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. பேப்பர், பேனா இல்லாமல், வெற்றிலையை மென்றபடியே சொன்னார்: "இருபத்தோரு ரூபா சரக்கு. மிச்சக் காசெல்லாம் தண்ணிக்கா?"

மானியம் போகத்தான் அந்த விலை, மானிய யூரியாவை வயலைத் தவிர வேறெதற்கும் திருப்பிவிடுவது சட்டப்படி குற்றம் என்றேன். மருமகன் ஜெயிலுக்குப் போவதில் அவருக்குப் பெரிய வருத்தம் இருக்கும் என்று தோன்றவில்லை. அதனால் வேதியியலுக்கு வந்தேன். 2015 முதல் உள்நாட்டில் தயாராகும் மானிய யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. பயிருக்கு நைட்ரஜன் மெதுவாகக் கிடைக்க அது உதவும். காரின் ஊசிமுனை நாசிலுக்கு அடைப்பு. அப்புறம் தண்ணீர். இந்தக் கரைசலில் கால்சியம் கிலோவுக்கு அரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று ஐ.எஸ்.ஓ. 22241 தரம் சொல்கிறது. எங்கள் போர் தண்ணீரைக் காய்ச்சினால் அண்டாவின் அடியில் சுண்ணாம்பே அடிக்கலாம்.

கேட்டுக்கொண்டிருந்த அம்மா அடுத்த குண்டைப் போட்டார். "யூரியாங்கறதே மூத்திரத்துல இருக்கறதுதானே? அதையாடா காசு குடுத்து வாங்கறே?" 1828-இல் பிரெடெரிக் வோலர் என்ற ஜெர்மானியர் சிறுநீரகத்தின் தயவே இல்லாமல் ஆய்வுக்கூடத்தில் யூரியா தயாரித்துக் காட்டியதை, வகுப்பில் சொல்லும் அதே உணர்ச்சியோடு சொன்னேன். வகுப்பில் கிடைக்கும் அதே மரியாதை கிடைத்தது. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

விஷயம் உண்மையில் அழகானது. டீசல் எரியும்போது நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகின்றன, நுரையீரலுக்கு ஆகாதவை. சூடான புகைக்குழாயில் இந்தக் கரைசலைத் தூவினால் யூரியா உடைந்து அம்மோனியா ஆகிறது. அம்மோனியா அந்த ஆக்சைடுகளோடு சேர்ந்து, வினையூக்கியின் மேல் வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறிவிடுகிறது. புகைக் கட்டுப்பாட்டு விதி பி.எஸ். 4 ஆக இருந்த காலத்தில் டீசல் கார் கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடு விடலாம் என்றிருந்தது. இந்தியா ஐந்தைத் தாண்டிக் குதித்து, 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி பி.எஸ். 6-க்குப் போனபோது அது 80 ஆனது.

ஏப்ரல் 1 எங்கள் வட்டாரத்துக்கு ஏற்கெனவே முக்கியமான நாள். திருத்தணிப் பகுதி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1-இல்தான். அந்த ஏப்ரலுக்காக ம.பொ.சி. போராடினார். இந்த ஏப்ரலுக்காக நான் பணம் கட்டுகிறேன்.

போராட்டம் என்றால் திருத்தணி மலையில் ஒன்று நடந்தது. டெஃப் டேங்க் காலியாகிக்கொண்டு வந்தால் வண்டி முன்கூட்டியே சொல்லும். இன்னும் இத்தனை கிலோமீட்டர்தான் என்று டேஷ்போர்டில் எண் இறங்கிக்கொண்டே வரும். பூஜ்யம் ஆனாலும் ஓடுகிற வண்டி நடுவழியில் நிற்காது. ஆனால் எஞ்சினை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. மச்சினன் குழந்தைக்கு மொட்டை போடக் குடும்பத்தோடு மலை ஏறுகிற நாளில், மேலே பார்க்கிங்கில் நுழையும்போது எண் பூஜ்யத்துக்கு வந்தது. முருகன் தரிசனம் அவர்களுக்கு, எஞ்சின் தரிசனம் எனக்கு. எல்லோரும் இறங்கிப் போனார்கள். வண்டியை ஓடவிட்டபடி ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்த ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "டிரைவர், கொஞ்சம் முன்னால எடுப்பா" என்றார். எடுத்தேன். "ஓனர் எப்ப வருவார்?" என்றும் கேட்டார். மொட்டை முடிந்ததும் வந்துவிடுவார்கள் என்றேன். பொய்யொன்றும் இல்லை.

இறங்கிவரும் வழியில் பெட்ரோல் பங்கில் கேன் கிடைத்தது. ஊற்றினால் மட்டும் போதாது. ஒன்றிரண்டு லிட்டரை வண்டி கணக்கிலேயே சேர்க்காது. தாராளமாக ஊற்ற வேண்டும். அப்புறம் எஞ்சினைக் கிளப்பாமல் இக்னிஷனை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பொண்ணு பார்க்க வந்த வீட்டில் பெரியவர் வாயைத் திறக்கும்வரை உட்கார்ந்திருப்பது மாதிரி, சென்சார் யோசித்து முடிக்கும்வரை காரே அமைதியாக இருந்தது. எண் ஏறியது. மச்சினன் குழந்தைக்கு முன்னால் நான் கை தட்டினேன்.

அந்த மகிழ்ச்சி அக்னி நட்சத்திரம் வரைக்கும்தான். திருத்தணி என்றால் வெயில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. நூறு டிகிரியைத் தாண்டிய ஊர்கள் என்று வானிலைச் செய்தியில் அடிக்கடி வாசிக்கிற பெயர். தார் உருகும் ஒரு மதியத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினார்.

"சார், ஹீட்டர் வேலை செய்யலை."

"எந்த ஹீட்டர்?"

"யூரியா டேங்க்குக்குள்ள இருக்கற ஹீட்டர் சார். குளிர்ல உறைஞ்சிடக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க."

இருவரும் வேர்வையைத் துடைத்துக்கொண்டோம். இந்தக் கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறையும், அது எனக்கும் தெரியும். ஆர்.கே.பேட்டை அந்த நிலைமைக்கு வர எத்தனை யுகம் ஆகும் என்பதுதான் வண்டிக்குத் தெரியவில்லை. அதன் கம்ப்யூட்டருக்கு எல்லாச் சுற்றும் ஒழுங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பல வண்டிகளில் ஹீட்டரும் பம்பும் அளவு காட்டும் சென்சாரும் ஒரே தொகுப்பு. தேவைப்படாத ஒன்று போனால் தேவைப்படுகிற இரண்டையும் சேர்த்து வாங்க வேண்டும்.

"லைட்டை மட்டும் அழிச்சுடுப்பா" என்றேன். அழித்தார். "பழுது இருந்தா திரும்ப வரும் சார்" என்றும் சொன்னார். கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் வந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர், மொத்தச் சிஸ்டத்தையும் சாஃப்ட்வேரில் ஏமாற்றி அணைத்துவிடலாம் என்று யோசனை சொன்னார். அந்த வித்தையைச் செய்துதான் 2015-இல் ஃபோக்ஸ்வாகன் கம்பெனியே அமெரிக்காவில் மாட்டிக்கொண்டது. அவர்களிடம் வக்கீல்கள் இருந்தார்கள். என்னிடம் மாமனார்தான் இருக்கிறார்.

அவரை மடக்க எனக்கு ஒரே ஒரு கதை கிடைத்தது. 2021-இல் சீனா யூரியா ஏற்றுமதியை இறுக்கியபோது தென்கொரியாவில் டீசல் லாரிகள் நிற்கும் நிலை வந்தது. அந்த அரசாங்கம் ராணுவ விமானத்தை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி, 27,000 லிட்டர் கரைசலைக் கொண்டுவந்தது. "ப்ளேன் அனுப்பி வாங்கற சாமானை நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே வாங்கறேன் மாமா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முழுத் தெலுங்கில் ஏதோ சொன்னார். மனைவி மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

அந்தக் கதை எனக்கே பயத்தைக் கிளப்பியதால், ஒன்றாகச் சேர்த்து நாலு கேன் வாங்கிப்போட்டேன். கேனில் அச்சடித்திருந்ததை வீட்டுக்கு வந்துதான் படித்தேன்: வெயிலில் வைக்கக்கூடாது. 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்கும். 35 என்றால் ஏறக்குறைய ஆறே மாதம். எங்கள் வீட்டில் மே மாதத்தில் 30 டிகிரிக்குக் கீழே இருக்கும் இடம் ஒன்றுதான், ஏசி போட்ட படுக்கையறை. கேன்கள் அங்கே கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. வழக்கமாகக் கரண்ட் பில்லுக்குப் பயந்து நள்ளிரவில் நான்தான் ஏசியை அணைப்பேன். இப்போது ரிமோட் பக்கம் கை போனாலே மனைவியின் குரல் இருட்டிலிருந்து வருகிறது: "அணைக்காதீங்க. உங்களுக்கு வேர்த்தா பரவாயில்ல, அது கெட்டுப்போயிடும்."