ஷ்ராப்ஷயர் கோடை உலா இலக்கணம்

1. வரையறை

கோடை உலா என்பது, வீட்டில் நிம்மதியாக இருந்திருக்கக்கூடிய ஒரு நாளில் குடும்பம் முழுவதும் ஒரே காரில் ஏறி, இடிந்த கட்டடம் ஒன்றைக் காசு கொடுத்துப் பார்த்து, புறப்பட்டபோது இருந்ததைவிடக் கூடுதல் களைப்புடன் வீடு திரும்புவதாகும். உலகெங்கும் உள்ள பழக்கமே என்றாலும், இங்கிலாந்தின் மேற்கில் வேல்ஸை ஒட்டிய ஷ்ராப்ஷயர் கவுண்டியில் இது முழு வளர்ச்சி பெற்றுள்ளது. எல்லைப்புறம் ஆதலால் அங்கே கோட்டைகள் மிகுதி. அவற்றுள் பல இடிந்து, பார்ப்பதற்கு ஏற்ற பக்குவத்தை அடைந்துவிட்டன. எஞ்சிய இடத்தில் ஆடுகள் மேய்கின்றன.

தொல்காப்பியம் அகத்திணைக்கு வகுத்த முதல், கரு, உரி என்னும் முப்பகுப்பு இவ்வுலாவுக்கும் பழுதின்றிப் பொருந்துகிறது.

2. முதற்பொருள்

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். ஷ்ராப்ஷயரின் உலா நிலங்கள் நான்கு: லாங் மிண்ட், ரீக்கின் முதலிய குன்றுகள்; செவர்ன் ஆற்றங்கரை; லட்லோ, ஸ்டோக்சே போன்ற கோட்டைகள்; அயர்ன்பிரிட்ஜ் பகுதியின் பழைய தொழிற்கூடங்கள். இந்நான்கும் விடுமுறை நாளின் நண்பகலில் இயல்பு திரிந்து, கார் நிறுத்துமிடம் என்னும் பாலை ஆகின்றன.

பெரும்பொழுது, ஜூலை இறுதியில் தொடங்கி ஏறக்குறைய ஆறு வாரம் நீடிக்கும் பள்ளி விடுமுறை. ஆறு பெரும்பொழுதுகளையும் ஓராண்டில் பரப்பி வைப்பது தமிழ் மரபு. ஷ்ராப்ஷயரிலோ காலையில் வேனில், நண்பகலில் கார், மாலையில் கூதிர் என ஒரே நாளில் மூன்று முடிந்துவிடும். ஜூலை மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகே கதிரவன் மறைவதால், இருட்டிவிட்டது என்று சொல்லி உலாவை முடிக்கவும் வழியில்லை.

3. கருப்பொருள்

தெய்வம்: வானிலை அறிவிப்பு. காலையில் வணங்கப்படும், பிற்பகலில் ஏசப்படும்.

உணவு: சாண்ட்விச், பிளாஸ்க்கில் தேநீர், அவித்த முட்டையை இறைச்சிக் கொத்தில் பொதிந்து பொரித்த ஸ்காட்ச் எக்.

புள்: குளவி. அது பறவையன்று, எனினும் ஜாம் பாட்டிலைத் திறந்ததும் வந்து சேர்வதில் எந்தப் பறவையும் அதற்கு ஈடாகாது.

பறை: செவர்ன் பள்ளத்தாக்கு ரயிலின் நீராவி விசில். 1963இல் பயணிகளுக்கு மூடப்பட்ட இப்பாதையில், ஆர்வலர்கள் 1970இல் பிரிஜ்நார்த்திலிருந்து மீண்டும் ரயில் ஓட்டத் தொடங்கினர். ஆண்டு முழுவதும் ரயில் தாமதத்தைக் குறை கூறும் தந்தையர், இந்த ரயில் மெதுவாகச் செல்வதற்காகவே பயணச்சீட்டு வாங்குகின்றனர்.

மரம்: பாஸ்கோபெல் இல்லத்தருகே நிற்கும் ஓக். 1651 செப்டம்பரில் வூஸ்டர் போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ், தம்மைத் தேடிய படையினரின் கண்ணில் படாமல் ஒரு பகல் முழுவதும் இங்கிருந்த ஓக் மரத்தில் ஒளிந்திருந்தார். படையினரிடம் தப்பிய அம்மரம் பார்வையாளர்களிடம் தப்பவில்லை. நினைவுக்கு ஒன்று எனக் கிளையையும் பட்டையையும் வெட்டிச் சென்றே அதைத் தீர்த்துவிட்டனர். இன்று நிற்பது அதன் வழித்தோன்றல். வரலாற்றுச் சின்னங்களின் வாசலில் பரிசுப்பொருள் கடை ஏன் தேவை என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

4. உரிப்பொருள்

ஐந்திணை ஒழுக்கங்களுள் நான்கு இவ்வுலாவில் ஒரே நாளில் நிகழ்கின்றன. ஐந்தாவதற்குப் பின் இருக்கையில் பிள்ளைகள் உள்ளவரை வாய்ப்பில்லை.

ஊடல் வழியில் நிகழ்வது. இருபுறமும் உயர்ந்த வேலியுள்ள ஒற்றைக் கார் அகலப் பாதைகளில், எதிரே வண்டி வந்தால் யார் பின்வாங்குவது என்பது ஊடலின் முதல் துறை. யார் சொல்லி இந்தப் பாதையில் வந்தோம் என்பது இரண்டாம் துறை. நேர்வழியை விட்டுத் தொலைவழி செல்வதை அவ்வூரார் 'ரீக்கினைச் சுற்றி வருவது' என்பர். அக்குன்றைப் பற்றிய நாட்டார் கதையும் பயணக் களைப்பைப் பற்றியதே. ஷ்ரூஸ்பரி நகரை வெள்ளத்தில் மூழ்கடிக்க, மண்வெட்டி நிறைய மண்ணுடன் வந்த அரக்கன் ஒருவன், எதிர்ப்பட்ட செருப்புத் தொழிலாளியிடம் ஊர் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டான். அவரோ சாக்கிலிருந்த பழைய செருப்புகளைக் கொட்டி, அங்கிருந்து நடந்து வருவதற்குள் இத்தனையும் தேய்ந்துவிட்டன என்றார். அரக்கன் சோர்ந்து மண்ணை அங்கேயே கொட்ட, அது ரீக்கின் ஆயிற்று. அதே கேள்வியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் பிள்ளைகள் இவ்வாறு ஒருபோதும் சோர்ந்து திரும்புவதில்லை.

இருத்தல் வரிசையில் நிகழ்வது. நுழைவுச்சீட்டு, கழிப்பறை, ஐஸ்கிரீம் என்னும் மூன்று வரிசைகளுக்கு மேல், பிளிஸ்ட்ஸ் ஹில் விக்டோரிய நகரில் நான்காவதாக வங்கி வரிசை உண்டு. 1900ஆம் ஆண்டையொட்டி அமைக்கப்பட்ட அவ்வூரில், இன்றைய பணத்தைக் கொடுத்துப் பழைய நாணயங்களைப் பெற்று மிட்டாய் வாங்கலாம். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற அந்தக் கணக்கை இங்கிலாந்து 1971இல் கைவிட்டதன் காரணம், கடைசி நாணயம் செலவாவதற்குள் பெற்றோருக்கு விளங்கிவிடும்.

இரங்கல், ஐஸ்கிரீம் கூம்பிலிருந்து தரையில் விழும்போது நிகழ்வது. இதற்கு விளக்கம் தேவையில்லை.

பிரிதல் என்பது காசைப் பிரிதல். இதிலும் இக்கவுண்டிக்குத் தொன்மையான மரபுண்டு. மூன்றாம் ஏபிரகாம் டார்பி 1779இல் எழுப்பிய உலகின் முதல் பெரிய வார்ப்பிரும்புப் பாலத்தின் சுங்கப் பலகை, படைவீரர் முதல் அரச குடும்பம் வரை யாருக்கும் விலக்கில்லை என்று அறிவிக்கிறது. நடந்து செல்வோரிடம் 1950 வரை சுங்கம் வாங்கப்பட்டது. இப்போது பாலத்தில் நடப்பது இலவசம். கார் நிறுத்துவதற்கே கட்டணம்.

5. பிள்ளைகள் இயல்

பெற்றோர் காட்டும் பொருளையும் பிள்ளைகள் காணும் பொருளையும் ஒப்பிட்டால், இரண்டும் சந்திப்பது அரிது. தந்தை இரும்புப் பாலத்தைக் காட்டும்போது பிள்ளை ஆற்றிலுள்ள வாத்தைக் காண்கிறது. கம்பளி வணிகர் லாரன்ஸ் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய ஸ்டோக்சே மாளிகையில், நீரற்ற அகழியின் புல்சரிவே பிள்ளைகளை ஈர்க்கிறது. கார்டிங் மில் பள்ளத்தாக்கிலோ காட்ட வேண்டியதே ஒன்றுமில்லை. ஓடையில் கற்களை அடுக்கி அணை கட்டத் தொடங்கினால் மாலைவரை வேறு வேலை வேண்டாம்.

வரலாற்று இடங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்டும் இதை அறிந்தே இருக்கிறது. பதினொன்றே முக்கால் வயதுக்குள் பிள்ளைகள் செய்து முடிக்கவேண்டியவை என 2012இல் அது வெளியிட்ட ஐம்பது செயல்களின் பட்டியலில், முதலிடம் மரம் ஏறுவதற்கு. அடுத்தது பெரிய மேட்டிலிருந்து உருள்வதற்கு. இரண்டாம் சார்லஸ் முதலாவதை 21ஆம் வயதில்தான் நிறைவேற்றினார்.

6. முடிபு

வரலாற்றைக் காணச் செல்லும் குடும்பம் அங்கே வரலாற்றைத் தவிர மற்றெல்லாவற்றையும் காண்கிறது என்பது இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும். அதனால் வரலாற்றுக்கு இழப்பில்லை. நுழைவுச்சீட்டு, உறுப்பினர் கட்டணம், தேநீர்க்கூட விற்பனை ஆகியவற்றின் வருவாய், இடிந்த சுவர்களை இடிந்த நிலையிலேயே நிறுத்தி வைக்க உதவுகிறது. எனவே கோட்டை வாசலில் கேக் உண்பதைத் தொல்பொருள் பாதுகாப்புப் பணி என்றே வகைப்படுத்த வேண்டும். ஷ்ராப்ஷயர் செல்வோர் இரண்டாவது துண்டையும் தயங்காமல் வாங்கலாம்.