ஜெல் அம்மிணி

காரமடையில் ஜெல் அம்மிணியின் வீட்டுக்கு அடையாளம் கேட்கவே வேண்டாம். வாசல் தொட்டியில் சோத்துக்கத்தாழை இருக்கும், மடல் இருக்காது. சுற்றுவட்டாரம் முழுக்கக் கறிவேப்பிலை விளைகிற ஊரில், ஃப்ரிட்ஜுக்குள் கறிவேப்பிலைக்கு இடமில்லாத வீடு அது. ஜாம் பாட்டில், ஊறுகாய் பாட்டில், இருமல் மருந்து பாட்டில் எல்லாவற்றிலும் ஜெல். மூடியில் ஒட்டிய துண்டுத்தாளில் தேதியும் அதன் கீழே சிவப்பு மையில் "சாப்பிடாதீங்க" என்றும் எழுதியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி தோசைக்குத் தொட்டுக்கொண்ட பிறகு வந்த ஏற்பாடு அது.

ஜெல் அம்மிணி ஆவதற்குப் படிப்பு வேதியியலாக இருக்க வேண்டுமென்பதில்லை. பி.காம். படித்தவர்கள்தான் இதில் அதிகத் தீவிரம். கோயம்புத்தூர் ரயிலில் எதிரே உட்காரும் முன்பின் தெரியாத பெண்ணிடமும், "ஏனுங்க்கா, மொகத்துக்கு எலுமிச்சை தேய்க்கறீங்களா? அது ரெண்டு பிஹெச்சுங்க, தோலு தாங்காதுங்க" என்று ஆரம்பித்துவிடுவாள். அந்தப் பெண் பெரியநாயக்கன்பாளையத்திலேயே இறங்கிவிடலாமா என்று யோசிப்பாள்.

தயாரிப்பு நாளன்று சமையலறைக்குள் யாரும் போகக் கூடாது. மடலை அறுத்து, வெட்டுவாய் கீழே இருக்கும்படி டம்ளரில் நிறுத்தி, மஞ்சள் பால் முழுக்க வடியும்வரை காத்திருப்பாள். அந்தப் பால் பட்டால் தோல் அரிக்கும். பிறகு வழுவழுப்பான சோற்றை வழித்து, மிக்ஸியில் அடித்து, நுரை அடங்கவிட்டு, துணியில் வடிகட்டுவாள். சாந்தன் கம்மை நேராகத் தண்ணீரில் தூவினால் கட்டி கட்டியாகத் திரண்டு கரையவே கரையாது; முதலில் கிளிசரினில் குழைத்துக்கொள்ள வேண்டும். நூறு கிராமுக்கு நியாசினமைடு நாலு கிராம். பீனாக்சி எத்தனால் ஒரு கிராமைத் தாண்டக் கூடாது. எல்லாம் நகைத் தராசில், புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம்.

"கண்ணு, ரசத்துக்கு உப்பு எவ்வளவு போட்டே?"

"குத்துமதிப்பாம்மா."

வைட்டமின் ஈ மாத்திரையைக் கிள்ளி ஊற்றினால் ஜெல் கெடாது என்று யாராவது சொன்னால் மட்டும் அவளுக்குக் கோபம் வரும். "அது எண்ணெய் சிக்கடிக்காம பாத்துக்கும். பூஞ்சணத்தை ஒண்ணும் பண்ணாது!" அவள் சொல்வது சரிதான். இந்த விஷயத்தில் அவளுக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி சரிதான். அம்மாயிக்குத்தான் இன்னும் பிடிபடவில்லை. "திருநீத்துப்பச்சிலையக் கசக்கித் தடவுனா பரு அமுங்கிட்டுப் போவுது. அதுக்கெதுக்கு அம்மிணி தராசு?"

அறிவில் குறையில்லாத அம்மிணிக்குப் பொறுமைதான் கிடையாது. பருவுக்கு எந்த மருந்தானாலும் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பார்கள் தோல் மருத்துவர்கள். இவள் ஃபார்முலாவின் ஆயுள் அடுத்த ஞாயிறுவரைதான். திங்கட்கிழமை புதுப் பரு இல்லையென்றால் நியாசினமைடு ஜெயித்தது. புதன்கிழமை ஒன்று முளைத்தால் கிளிசரின் ஜாஸ்தி. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் தாடையில் பரு வருவது உலகத்து வழக்கம். அதுவும் இவள் நோட்டில் "கிளிசரின் ஜாஸ்தி" என்றே பதிவாகும். இன்றைக்கு வெளியே தெரிகிற பருவுக்குத் துவாரத்துக்குள் பல வாரங்களுக்கு முன்பே கால்கோள் விழா நடந்து முடிந்திருக்கும்; நேற்றுக் கலக்கிய ஜெல் அதில் எந்தப் பாவமும் அறியாது. ஆனாலும் தண்டனை ஜெல்லுக்குத்தான். ஒரே ஜெல் ஒரு முழு மாதம் அந்த முகத்தில் குடியிருந்ததாகச் சரித்திரம் இல்லை.

மாசித் தேர் நெருங்கினால் கிராக்கி கூடிவிடும். தேருக்கு வரும் சொந்தக்காரர்கள் முன்னால் தெளிந்த முகத்தோடு நிற்க வேண்டுமென்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கிண்ணத்தோடு வருவார்கள். எல்லோருக்கும் முதலில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு. இரண்டு நாள் அரிப்பில்லையென்றால்தான் முகத்துக்கு அனுமதி. "இத வித்தாத்தான் என்ன அம்மிணி?" என்று கேட்டால் சட்டம் பேசுவாள். "1940ஆம் வருஷத்துச் சட்டம் இருக்குதுங்க, 2020இல வந்த அழகுசாதன விதி இருக்குதுங்க. லைசென்ஸ் இல்லாம தயாரிச்சு விக்கக் கூடாது. நான் சும்மாதான் குடுக்கறேன்." பாட்டில் காசு என்று ஐம்பது ரூபாயை யாராவது மேசையில் வைத்துவிட்டுப் போனால் மட்டும் சட்டம் வேறு பக்கம் பார்த்துக்கொள்ளும்.

கடைசியில் அம்மா பொறுக்க மாட்டாமல் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய் தோல் டாக்டர் முன்னால் உட்கார வைத்தாள். டாக்டர் அடபலீன் ஜெல் எழுதித் தந்தார். ராத்திரி மட்டும், பட்டாணி அளவு, மூன்று மாதம், வேறெதுவும் கலக்க வேண்டாம். அம்மிணி பவ்வியமாகத் தலையாட்டினாள். திரும்பும் வழியில் ட்யூபின் பின்பக்கத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பொடியெழுத்தைப் படித்துக்கொண்டே வந்தவள், காரமடை நெருங்கும்போது அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ம்மா, கார்போமர் போட்டிருக்காங்க! அதான் கண்ணாடியாட்டம் இருக்குது!"

அன்றைக்கு ராத்திரியே நூறு கிராம் கார்போமருக்கு ஆர்டர் போயிற்று. கார்போமருக்கு உப்பு ஆகாது, பட்டால் நீர்த்துவிடும். கற்றாழைச் சாற்றில் உப்புச் சத்துகள் ஏராளம். அது அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியவரும்.