தூளிக்காரர்

காலை எட்டு மணிக்குக் கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். கூட்டத்தில் ஒருத்தர் மட்டும் ஆடிக்கொண்டே நிற்பார். இடம், வலம், இடம், வலம். சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்து மெதுவாகத் தட்டிக்கொண்டிருப்பார். இடது தோளில் காய்ந்த கூழ்க்கறை. "சின்னசேலம் வண்டி போய்டுச்சா?" என்று கேட்பதைக்கூடக் குசுகுசுவென்றுதான் கேட்பார். வேறு அடையாளம் தேவையில்லை. வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் தூளிக்காரர்.

என் பக்கத்து வீட்டில் ஒருத்தர் இருக்கிறார். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான் என்பதால் நானும் கால்வாசி தூளிக்காரன். பால் மனைவி பொறுப்பு, தூளி கணவன் பொறுப்பு என்று அந்த வீட்டில் பாகம் பிரித்திருக்கிறார்கள். இந்த நியாயமான ஏற்பாட்டை ஏற்காதவர் குழந்தை மட்டும்தான்.

குழந்தையின் காது விசித்திரமானது. கரும்பு வெட்டுக் காலத்தில் ராத்திரி இரண்டு மணிக்குப் பாட்டை அலறவிட்டபடி டிராக்டர் போகும். குழந்தை அசையாது. தூங்கிவிட்டதென்று தூளிக்காரர் தரையிலிருந்து எழும்போது முழங்கால் 'மடக்' என்று சொடுக்கும். அவ்வளவுதான், வீடு விழித்துக்கொள்ளும். தூளி ஸ்பிரிங் கிறீச்சிடுகிறதே என்று ஒருநாள் தேங்காய் எண்ணெய் விட்டார். அந்தக் கிறீச்சுதான் தாலாட்டு என்பது அன்றைக்கு விடிய விடியத் தெரிந்தது.

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அது முடிந்ததும் சோறூட்டும் படலம் ஆரம்பமாயிற்று. அங்கன்வாடிச் சத்துமாவு வந்தது. கல்வராயன் மலைச் சாமையை வறுத்துப் பொடித்துக் கஞ்சி வைத்தார்கள். கேழ்வரகை ஊறவைத்து, அரைத்து, தூளிக்காரரின் பழைய வேட்டியைக் கிழித்து வடிகட்டிக் கூழ் காய்ச்சினார்கள். குழந்தை ஒவ்வொன்றையும் வாயில் வாங்கும், கொஞ்சம் யோசிக்கும், பிறகு நாக்கால் அப்படியே வெளியே தள்ளிவிடும்.

அங்கன்வாடி டீச்சர் தைரியம் சொன்னார். "துப்பினா புடிக்கலைன்னு அர்த்தமில்லீங்க. இத்தனை நாள் சப்பியே பழகுன நாக்கு. ஒரே சாப்பாட்ட எட்டு நாளு, பத்து நாளு விடாம குடுத்துப் பாருங்க, தானா பழகிடும்."

விடாமல் கொடுத்தார்கள். மிச்சத்தைக் கீழே கொட்ட மனமில்லாமல் தூளிக்காரர் வழித்துத் தின்றார். மாதக் கடைசியில் எடை போட்டபோது குழந்தை இருநூறு கிராம் ஏறியிருந்தது. கர்ப்பிணிகளுக்கு வைத்திருந்த எடை மெஷினில் சும்மா ஏறிப் பார்த்தவர் மூன்று கிலோ ஏறியிருந்தார். ஒரு வயதுவரை உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்களா, அந்தக் கூழையே தின்று பழகியவருக்கு இப்போது ஓட்டல் சாம்பார் கரிக்கிறது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வீட்டில் குழந்தைக்குச் செய்வதெல்லாம் அப்பாவிடம்தான் பலிக்கிறது.

குழந்தை அழுதால் தெரு சும்மா இருக்குமா? எதிர்வீட்டு ஆயா, "உரம் விழுந்திருக்கும்டா, மொறத்துல போட்டு உருட்டு" என்றார். பின்வீட்டு அத்தை கண்ணேறு என்றார். மிளகாய் சுற்றிப் போட்டதில் குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது. தூளிக்காரர் அரைமணி நேரம் இருமினார். ஆபீஸ் நண்பர் ஒருவர் மலைத்தேன் பாட்டிலோடு வந்து, நாக்கில் தொட்டு வைத்தால் அசந்து தூங்கும் என்றார். நல்லவேளை, கிராம செவிலியர் தடுத்துவிட்டார். தேனில் ஒரு கிருமி இருக்கலாம், அது குழந்தைக் குடலில் வளர்ந்து நஞ்சாகும், ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது என்றார். தேனும் அப்பாவுக்கே போயிற்று. அன்றைக்கு ஆபீசில் அசந்து தூங்கினாராம்.

ஆயாவிடம் கடைசி அஸ்திரம் ஒன்று இருந்தது. "ராப்பாலை மறக்கடிச்சாத்தான் ராத்தூக்கம் வரும். வேப்பெண்ணெய் தடவச் சொல்லு அவள."

"ரெண்டு வயசு வரைக்கும் குடிக்கலாம்னு நர்சம்மா சொல்லியிருக்காங்க ஆயா, குடிக்கட்டும்" என்று மனைவி முடித்துவிட்டாள். ஆனால் வாங்கிவந்த எண்ணெய் எவ்வளவு கசக்கும் என்று தூளிக்காரர் விரலில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டார். வாய்க் கசப்புப் போக உடனே ஒரு பால் டீ குடித்தார். அதுதான் தப்பு. நாக்கு இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டது. இப்போது பாலைக் கண்டாலே குமட்டுகிறதாம், கடுங்காப்பிதான் குடிக்கிறார். அந்த வீட்டில் பால் மறந்தவர் அவர் ஒருவரே.

கல்வராயன் மலையில் ஜாகீர் ஆட்சி 1976-இல் முடிவுக்கு வந்தது. மலைக்குக் கீழே, என் பக்கத்து வீட்டில், ஏழரைக் கிலோ எடையில் ஒரு ஜாகீர்தார் இன்னும் கோலோச்சிக்கொண்டிருந்தார். அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்கே அழைத்துப் போவதென்று முடிவாயிற்று. சுவர்ப் பங்காளி என்ற முறையில் நானும் போனேன்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாகப் போய், வெள்ளிமலைப் பேருந்து மலை ஏறியது. வளைவுக்கு வளைவு ஆட்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தார்கள். ஜன்னல் சீட்டுக்கு மூன்று பேர் போட்டி போட்டார்கள். குழந்தை மட்டும் சொகுசாகத் தூங்கியது. இன்ஜின் உறுமல், இடமும் வலமும் ஆட்டம், அம்மா மடி. இதைவிடப் பெரிய தூளியை எந்த உத்திரத்தில் கட்ட முடியும்?

வெள்ளிமலையில் டிரைவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் நின்றது. குழந்தை ஆரம்பித்தது.

"அண்ணே, கொஞ்சம் ஆஃப் பண்ணாம வச்சிருங்களேன்" என்று தூளிக்காரர் கெஞ்சினார்.

"டீசல் கணக்கை உங்க கொழந்த வந்து சொல்லுமா?" என்றார் டிரைவர். ஆனாலும் திரும்பிப் பார்த்து, "எம்பொண்ணும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

சாயங்காலம் திரும்பினோம். குழந்தைக்குத் தூக்கம் தீர்ந்திருந்தது. கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு அப்பா மடியில் உட்கார்ந்திருந்தது. முதல் வளைவில் அவர் தலை சாய்ந்தது. இரண்டாவது வளைவில் வாய் திறந்தது. குழந்தை அவர் மார்பில் பொத்துப் பொத்தென்று தட்டிக்கொண்டே வந்தது. டிக்கெட் கேட்க வந்த கண்டக்டரிடம் மனைவி உதட்டில் விரல் வைத்துக் காட்டி, சில்லறையைச் சத்தமில்லாமல் எண்ணிக் கொடுத்தாள்.

கள்ளக்குறிச்சி வந்தது. இன்ஜின் நின்றது.

தூளிக்காரர் திடுக்கிட்டு விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் மலங்க மலங்கப் பார்த்தார். கீழுதடு மெல்லப் பிதுங்கியது. மனைவி பழக்கதோஷத்தில் அவர் தோளைத் தட்டினாள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல... வீடு வந்திருச்சு."