பவர் டேபிள் அண்ணனின் பழிவாங்கும் படலம்

திருப்பூர் பி.என். ரோட்டிலிருந்து எந்தச் சந்துக்குள் திரும்பினாலும் ஒரு பவர் டேபிள் அண்ணன் இருப்பார். கம்பெனி வெட்டிக் கொடுக்கும் துணியை வாங்கி வந்து, தகரக் கூரை போட்ட ஷெட்டில் ஓவர்லாக்கும் பேட்லாக்கும் ஓட்டித் தைத்து, பீஸுக்கு இத்தனை என்று கூலி பில் போடுபவர். பில் போடுவது அவர் வேலை. பணம் வருவது பழனி முருகன் செயல்.

ராத்திரி ஷிப்ட் முடிந்து டெய்லர்கள் கிளம்பியதும், இவர் செக்கிங் டேபிளைத் துடைத்து அதில் லேப்டாப்பை விரிப்பார். திரை மேல் படிந்திருக்கும் பஞ்சைத் துண்டால் தட்டிவிடுவார். பிறகு ஜப்பானில் ஒருவன் பழிவாங்கப் போவதைப் பார்க்க உட்காருவார். மச்சான் மகன், "மாமா, நம்ம தொழில் கதையாட்டவே இருக்குது" என்று பென் டிரைவில் போட்டுக் கொடுத்ததில் வந்த வினை இது.

தொடரின் பெயர் 'ஹன்சாவா நவோகி'. 2013-இல் டி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஞாயிறு இரவுகளில் வந்தது. மொத்தமே பத்து அத்தியாயம். அதில் கடைசியை டோக்கியோ வட்டாரத்தில் 42.2 சதவீத வீடுகள் பார்த்தன என்பது கணக்கு. நாயகன் வங்கி அதிகாரி. அவன் அப்பா சிறிய திருகாணிப் பட்டறை நடத்தியவர். வங்கி கைவிட்டதும் தூக்குப் போட்டுக்கொண்டார். அன்று கடனை மறுத்த ஆள்தான் இன்று மகன் வேலை செய்யும் வங்கியில் பெரிய இயக்குநர். பொய்யாகத் திவால் காட்டி 50 கோடி யென்னை விழுங்கியவன், அவனோடு பங்கு போட்ட கிளை மேலாளர், கடைசியில் அந்த இயக்குநர் என்று மகன் ஒவ்வொருவராகக் கணக்குத் தீர்க்கிறான். தனக்குச் செய்தவனுக்கு இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுப்பது அவன் கொள்கை.

அண்ணன் சொக்கிப் போனது இந்த இரட்டிப்பில்தான். நியாயமாகப் பார்த்தால் பழிவாங்கும் கதை கொங்கு நாட்டுக்கு ஒன்றும் இறக்குமதிச் சரக்கல்ல. அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்து விடிய விடியப் பாடிய ஊர் இது. ஆனாலும், "அதுல வேல்கம்பு எடுக்கோணும்ங்க. இவன் ஃபைலை எடுத்தே சாய்க்கறான் பாருங்க" என்பார். மறைத்து வைத்த ஆதாரத்தை நாயகன் கண்டுபிடிக்கும் இடத்தில், தன் லாங் சைஸ் நோட்டைத் தானாகவே ஒருமுறை தடவிக்கொள்வார். அந்த நோட்டில் எல்லாம் இருக்கிறது: ஆயில் கறை என்று பிடித்தது, ஓட்டை என்று பிடித்தது, வெட்டும்போதே குறைந்திருந்த பீஸுக்கு இவர் தலையில் கட்டிய ஷார்ட்டேஜ், பிடித்தது போக மிச்சம் வராமலே நிற்கும் பழைய பாக்கி.

அவர் கடைசி அத்தியாயம் பார்த்த இரவைச் சொல்ல வேண்டும். இயக்குநர் குழு மொத்தமும் பார்த்திருக்க, அந்தப் பெரிய ஆள் மண்டியிட வேண்டும். முழங்கால் மடங்க மறுக்கிறது, முகம் துடிக்கிறது, நாயகன் இமைக்காமல் நிற்கிறான். அண்ணன் ஸ்டூலின் நுனிக்கு வந்துவிட்டார். அப்போது போன் அடித்தது. கம்பெனி மேனேஜர். பார்த்தவுடன் படத்தை நிறுத்தினார், எழுந்தார், மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து விட்டார்.

"சொல்லுங்க சார்... ஆமாங்க... இல்லீங்க, காலையில டெம்போ வந்துருமுங்க... அந்த மார்ச் மாசத்து பில்லுங்க சார்... செரிங்க... செரிங்க, அடுத்த வாரமே பாத்துக்கலாமுங்க."

திரையில் பாதி மடங்கிய முழங்காலோடு வில்லன் அப்படியே நின்றுகொண்டிருந்தார். மேனேஜருக்கு இவர் மகன் வயது இருக்கும்.

உள்ளேயிருந்து அண்ணி கேட்டார்: "ஏனுங்க, அந்த ஜப்பான்காரன் வசூல் பண்ணிப் போட்டானுங்களா? நம்முளுது எப்பங்க?"

அண்ணனும் பழிவாங்கியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு தீபாவளிக்கு அந்த மேனேஜருக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஒரு கிலோ ஸ்வீட் பாக்ஸை அரைக் கிலோவாகக் குறைத்தார். அன்றிரவு தூக்கம் வரவில்லை. விடிந்ததும் இன்னொரு அரைக் கிலோவைப் பையனிடம் கொடுத்தனுப்பினார், முறுக்கோடு. ஆக, அங்கேயும் இரட்டிப்பாகத்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

ஜப்பானில் 47 சாமுராய்கள் தங்கள் தலைவன் சாவுக்குக் காரணமானவனைக் கொல்ல 1701-இலிருந்து 1703 வரை காத்திருந்ததை ஒருநாள் அவரிடம் சொன்னேன். அசரவே இல்லை. ரெண்டே வருசந்தானுங்களா என்றார்.

உண்மையில் ஹன்சாவாவைவிடப் பெரிய ஆயுதம் அண்ணன் கையில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு தொழில் செய்பவருக்கான பணத்தை அதிகம் போனால் 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. ஜப்பான்காரனுக்கு இரண்டு மடங்கு, நம் சட்டத்துக்கு மூன்று. இதற்கு வேண்டிய உத்யம் பதிவுச் சான்றிதழை அண்ணன் லேமினேட் செய்து முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். இரண்டுக்கும் சேர்த்தே ஊதுபத்தி. ஆடிட்டர் எடுத்துச் சொன்ன அன்று வட்டியைக் கணக்குப் போட்டு வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தாராம். காலையில் தெளிந்துவிட்டது: "கேஸைப் போட்டா அடுத்த லாட்டு எவனுங்க குடுப்பான்?"

கம்பெனியைக் கேட்டால் அதற்கும் ஒரு நோட்டு இருக்கும். வெளிநாட்டு பையர் ஷிப்மெண்ட் தாமதம் என்று தள்ளுபடி பிடித்திருப்பான், கலர் மாறிவிட்டது என்று டெபிட் நோட் அனுப்பியிருப்பான். மேலே வாங்கியதைக் கீழே தள்ளுவதில் இந்த ஊருக்கு நல்ல பயிற்சி. அண்ணனும் சனிக்கிழமையானால் டெய்லர்களுக்குச் சம்பளத்தை எப்படியாவது புரட்டிக் கொடுத்துவிடுவாரே தவிர, எலாஸ்டிக் கடைக்காரர் போனை எடுப்பதில்லை. அந்தக் கடைக்காரர் இப்போது கொரியாக்காரன் எடுத்த பழிவாங்கும் தொடர் ஒன்றில் மூழ்கியிருப்பதாகக் கேள்வி. அதில் வில்லன் யார் மாதிரி இருக்கிறான் என்று நான் விசாரிக்கப் போகவில்லை.

தொடரின் முடிவு மட்டும் அண்ணனுக்குச் செரிக்கவில்லை. எல்லோரையும் வீழ்த்திய நாயகனை வங்கித் தலைவர் கூப்பிட்டு, துணை நிறுவனம் ஒன்றுக்குத் தூக்கி அடித்துவிடுகிறார். ஜெயித்தவனுக்கே டிரான்ஸ்பரா என்று கொஞ்ச நாள் லேப்டாப் பக்கமே போகாமல் இருந்தார். நோட்டில் இருந்த ஒரு பாக்கியைப் பேசி முடித்து, பாதிக்கு வாங்கிக்கொண்டு வந்ததும் அந்த நாட்களில்தான்.

கம்பெனிக்காரர்களே, மார்ச் மாதத்து பில்லுக்கு இந்த வாரமே செக் போட்டுவிடுங்கள். 2020-இல் வந்த இரண்டாம் பாகத்தையும் மச்சான் மகன் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டான்.